ஓடம் வண்டியில் ஏறிய வரலாறு

தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்பதை இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உவமையாகக் கையாண்டிருக்கிறார். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. முன்னது இயல்பைச் சொல்கிறது. பின்னது காலத்தின் மாற்றத்தைச் சொல்கிறது. ஓடத்தை வண்டியில் ஏற்றுவது எப்படி என்பதை இரண்டுமே சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. இக்கட்டுரையில் நாம் காணப்போவது அந்த 'எப்படி'யைத்தான்.

இன்று இக்காட்சியை நாள்தோறும் காணக்கூடிய இடம், அமெரிக்க ஏரிக்கரைகளில் உள்ள பொதுப் படகுச் சரிவுத்தளம். கோடைக்கால ஞாயிறு மாலையில் அங்கே கூட்டம் அலைமோதும். காரைப் பின்னோக்கிச் செலுத்தி, அதனுடன் பூட்டிய டிரெய்லரை நீருக்குள் இறக்குவார்கள். படகு மிதந்தபடியே டிரெய்லரின் மேல் வந்து நிற்கும். முனையிலுள்ள வளையத்தில் கொக்கியை மாட்டி, கைராட்டினத்தைச் சுற்றி இறுக்குவார்கள். பிறகு கார் மெல்ல மேலேறும். படகும் உடன் ஏறும். பழகியவர்களுக்குச் சில நிமிட வேலை. பழகாதவர்களுக்கோ, பின்னால் காத்திருக்கும் இருபது பேரின் பார்வை முதுகில் குத்த, அது ஒரு யுகம்.

சற்றே சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். இங்கே எவரும் படகைத் தூக்குவதில்லை. வண்டி நீருக்கடியில் செல்கிறது. படகை அதன்மேல் அமர்த்தும் வேலையை நீரே செய்துவிடுகிறது. ஆகவே எடை என்பது பாதிச் சிக்கல்தான். சரிவு ஒன்று, படகுகள் பல என்பதே மறுபாதி. இவ்விரண்டில் எது கடினமானது? வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

கொரிந்து: அறுவடையும் திருவிழாவும்

கிரேக்க நாட்டின் தென்பகுதியான பெலொப்பொனேசை வடபகுதியுடன் இணைப்பது கொரிந்துப் பூசந்தி. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 6 கி.மீ. மட்டுமே. மேற்கே கொரிந்து வளைகுடா, கிழக்கே சரோனிக் வளைகுடா. இந்த ஆறு கிலோமீட்டரைக் கடக்க இயலாத கப்பல், புயலுக்குப் பேர்போன மாலியா முனையைச் சுற்றிக்கொண்டு பெலொப்பொனேஸ் முழுவதையும் வலம்வர வேண்டும்.

கி.மு. 600ஐ ஒட்டி இப்பூசந்தியின் குறுக்கே கல்பாவிய பாதை ஒன்று அமைக்கப்பட்டது. கொரிந்தை ஆண்ட பெரியாண்டரின் காலத்தது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆய்வாளர்கள் இதைத் தியோல்கோஸ் என்று அழைக்கின்றனர். குறுக்கே இழுத்துச் செல்லுதல் என்னும் பொருளை உட்கொண்ட சொல் அது. 1956 முதல் 1962 வரை நிகொலாவோஸ் வெர்தெலிஸ் நடத்திய அகழாய்வில் இதன் மேற்குப் பகுதி வெளிப்பட்டது. கற்பரப்பில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடும் இரு பள்ளக்கோடுகள் காணப்பட்டன. வண்டிச் சக்கரங்கள் தடம்மாறாமல் ஓட இவை உதவியிருக்க வேண்டும். பாதையின் மேற்கு முனை, நீர்விளிம்பிலேயே கல்பாவிய துறையாகத் தொடங்குகிறது.

இப்பாதையில் வணிகக் கப்பல்கள் நாள்தோறும் இழுத்துச் செல்லப்பட்டன என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. 2011இல் டேவிட் பெட்டிகுரூ என்னும் ஆய்வாளர் இதை மறுத்தார். கப்பல்கள் கடத்தப்பட்டதாகப் பழைய நூலாசிரியர்கள் கூறும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் போர்க்காலத்தவை. அரிய செயல் என்பதாலேயே அவை குறிப்பிடப்பட்டன. வழக்கமாக இப்பாதையில் சென்றவை கல், மரம், ஓடு போன்ற சரக்குகளாகவே இருக்கும் என்பது அவர் வாதம். நமக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. அன்றாடம் நடப்பதை எந்த வரலாற்றாசிரியரும் வியந்து எழுதிவைப்பதில்லை.

அந்தப் போர்க்கால நிகழ்ச்சிகளில் இரண்டைத் துசிடைடீஸ் வழியாக அறிகிறோம். இரண்டுமே நம் கேள்விக்கு நேரடியாக விடை தருபவை.

கி.மு. 428இல் ஏதென்சை இருபுறமும் தாக்க ஸ்பார்ட்டா திட்டமிட்டது. கப்பல்களைக் கொரிந்துப் பக்கத்திலிருந்து ஏதென்சை நோக்கிய கடலுக்கு இழுத்துச் செல்வதற்கான கருவிகளைப் பூசந்தியில் ஆயத்தம் செய்தார்கள். கருவிகள் ஆயத்தமாயின, ஆட்கள்தாம் வந்துசேரவில்லை. நேசநாட்டார் தத்தம் வயல்களில் அறுவடையில் இருந்தனர். இதற்குள் ஏதென்சு 100 கப்பல்களைக் கடலில் இறக்கித் தன் வலிமையைக் காட்டவே, ஸ்பார்ட்டர்கள் திட்டத்தைக் கைவிட்டு ஊர் திரும்பினர்.

கி.மு. 412இல் மீண்டும் ஒரு முயற்சி. ஏதென்சுக்கு எதிராகக் கிளம்பவிருந்த கியோஸ் தீவுக்கு உதவவேண்டும். பூசந்தியின் மேற்கே திரண்டிருந்தவை 39 கப்பல்கள். அவற்றுள் 21 கப்பல்களை உடனே மறுகரை சேர்த்துவிட்டார்கள். அதாவது, இழுத்துக் கடத்துவதில் தாமதமே இல்லை. ஆனால் இஸ்த்மிய விளையாட்டு விழா முடியும்வரை புறப்படமாட்டோம் என்று கொரிந்தியர் மறுத்துவிட்டனர். விழாவுக்கு ஏதென்சு மக்களுக்கும் அழைப்பு இருந்தது. வந்தவர்கள் நடப்பதை ஊகித்துவிட்டார்கள். விழா முடிந்து அந்த 21 கப்பல்கள் புறப்பட்டபோது ஏதென்சின் கடற்படை அவற்றை வழிமறித்துக் கரையில் ஒதுக்கியது. தலைவன் அல்காமினிஸ் அங்கே கொல்லப்பட்டான்.

இருமுறையும் தோற்றது வண்டியன்று, கயிறுமன்று. பாதை இருந்தது, கருவி இருந்தது, ஆனால் பலருக்கும் பொதுவான ஓரிடத்தில் அனைவரின் நேரமும் ஒத்துவரவில்லை. ஒருவருக்கு அறுவடை, மற்றொருவருக்குத் திருவிழா.

சீனம்: சரிவில் களவு

சீனத்தின் பெருங்கால்வாயில் நீர்மட்டம் மாறும் இடங்களில் இருபுறமும் சரிந்த மேடுகளை அமைத்திருந்தனர். படகைக் கயிறு கட்டி ஒருபுறம் மேலே இழுத்து, மறுபுறம் இறக்கிவிடுவார்கள். அரசுக்கு வரியாகச் சென்ற தானியமும் இவ்வழியே சென்றது.

சோங் அரசமரபின் வரலாற்று நூல் தரும் செய்தி இது. ஹுவாய் ஆற்றை ஒட்டிய பகுதியில் இத்தகைய மேடுகள் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றிலும் தானியத்தை இறக்கி, படகை இழுத்து, மீண்டும் ஏற்றவேண்டும். சுமை மிகுந்த படகுகள் உடைந்தன, தானியம் பாழாயிற்று. அதைவிடக் கேடானது ஒன்று உண்டு. படகுகள் தேங்கி நிற்கும் நேரத்தில், பணியாட்கள் வழிப்பறிக் கூட்டத்தாருடன் கைகோத்துத் தானியத்தைக் களவாடினர். 984இல் அப்பகுதியின் போக்குவரத்துப் பொறுப்பிலிருந்த சியாவ் வெய்யுவே இதற்கு ஒரு முடிவு கட்டினார். ஏறத்தாழ ஐம்பது தப்படி இடைவெளியில் இரண்டு மதகுகளை அமைத்து, இடையிலுள்ள நீரை ஏற்றியும் இறக்கியும் படகை மிதந்தபடியே கடத்தினார். உலகின் முதல் இரட்டை மதகு இதுவே என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பொறியியல் வரலாற்றில் இது பெரும் கண்டுபிடிப்பு எனப் போற்றப்படுகிறது. ஆனால் அதைப் பிறப்பித்தது பொறியியல் ஆர்வம் மட்டுமன்று. சரிவில் காத்திருக்கும் படகு களவுக்கு இடமாகிறது என்னும் கணக்குவழக்குக் கவலையும் அதில் சரிபாதி பங்குகொண்டது.

கான்ஸ்டான்டிநோபிள்: ஒருவருக்கே உரிய பாதை

1453 ஏப்ரல் 22. கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிட்ட ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத்தின் கப்பல்கள், பொற்கொம்புக் கழிக்குள் நுழைய முடியாமல் நின்றன. கழியின் வாயிலைப் பெருஞ்சங்கிலி ஒன்று அடைத்திருந்தது. சுல்தான் கலாத்தாவுக்குப் பின்னாலிருந்த குன்றின் வழியே பாதை அமைத்து, கொழுப்புத் தடவிய மரங்களைப் பரப்பச் செய்தார். சக்கரம் பூட்டிய தாங்குவண்டிகள் நீருக்குள் இறக்கப்பட்டு, கப்பல்கள் அவற்றோடு பிணைக்கப்பட்டு, கப்பிகளாலும் எருதுகளாலும் மேலே இழுக்கப்பட்டன என்று ஸ்டீவன் ரன்சிமன் விவரிக்கிறார். ஏறத்தாழ எழுபது கப்பல்கள் ஒரே நாளில் குன்றேறி மறுபுறம் இறங்கின. பாய்கள் விரிந்திருந்தன, நிலத்தின் மேல் சென்ற கப்பல்களில் துடுப்புக்காரர்கள் காற்றைத் துழாவினார்களாம்.

கொரிந்தில் இரண்டு முறை நடவாதது இங்கே எங்ஙனம் ஒரே நாளில் நடந்தது? ஆள்பலமும் விலங்குபலமும் மிகுதி என்பது உண்மையே. ஆனால் அங்கே பாதையும் கப்பலும் ஆளும் ஒருவர் ஆணைக்கு உட்பட்டவை. எனக்கு அறுவடை இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆணையால் வரிசையை ஒழுங்குபடுத்துவது எளிது. ஆணையின்றிப் பொதுவிடத்தில் அதைச் செய்வது எப்படி?

எல்பிளாங்: எதிரெதிர் வண்டிகள்

இக்கேள்விக்கு அழகிய விடை ஒன்று இன்று போலந்தில் இருக்கிறது. அன்றைய கிழக்குப் பிரஷ்யாவின் ஏரிகளைப் பால்டிக் கடலுடன் இணைக்க, 1844 முதல் 1860 வரை கியோர்க் ஸ்டீன்கெ என்னும் பொறியாளர் எல்பிளாங் கால்வாயை அமைத்தார். பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஏறத்தாழ 100 மீட்டர் உயர வேறுபாடு. மதகுகளை அடுக்கினால் எண்ணிக்கையும் கூடும், நீரும் வீணாகும். அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1831இல் நிறைவடைந்த மாரிஸ் கால்வாயில் படகுகளை வண்டியிலேற்றி மலையேற்றும் 23 சாய்தளங்கள் இருந்தன. அந்த முறையை ஸ்டீன்கெ தம் கால்வாய்க்குக் கொணர்ந்தார்.

இரும்புச் சட்டத்தாலான வண்டி தண்டவாளத்தில் ஓடி நீருக்குள் இறங்கும். படகு மிதந்துவந்து அதன்மேல் நிற்கும். வண்டி கம்பிவடத்தால் இழுக்கப்பட்டுப் புல்வெளி மீது மேலேறும். உச்சியைத் தாண்டி மேல்நீரில் இறங்கிப் படகை விடுவிக்கும். இக்கால டிரெய்லர் செய்வதும் இதைத்தான். ஆனால் ஸ்டீன்கெயின் அமைப்பில் இணையாக இரண்டு தடங்கள், இரண்டு வண்டிகள். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். இறங்கும் வண்டியின் எடையே ஏறும் வண்டிக்குத் துணைவிசை. எஞ்சிய ஆற்றலைக் கால்வாய் நீரே தருகிறது: நான்கு சாய்தளங்களில் நீர்ச்சக்கரம், பின்னர் கட்டப்பட்ட ஐந்தாவதில் நீர்ச்சுழலி.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது, எதிர்த்திசையில் வருபவர் இடையூறு அல்லர், உதவி என்பதே. அவர் இறங்கினால் நாம் ஏறுவது எளிதாகிறது. வரிசை என்னும் சிக்கலையே விசையாக மாற்றிய அமைப்பு இது. இரயில் வந்தபின் சரக்குப் போக்குவரத்து இக்கால்வாயை விட்டு அகன்றது. இரண்டாம் உலகப்போரில் சேதமுற்றுப் பின்னர் சீரமைக்கப்பட்டது. 2011இல் போலந்து அரசு இதனை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. சுற்றுலாப் படகுகள் இன்றும் அந்தப் புல்வெளியில் ஏறி இறங்குகின்றன.

மீண்டும் ஏரிக்கரைக்கு

இருபதாம் நூற்றாண்டில் காரும் படகின் புறப்பொறியும் எளிய மக்களின் கைக்கு வந்தபோது, சரிவுத்தளமும் அவர்களுக்கு உரியதாயிற்று. அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டின் டிங்கல்-ஜான்சன் சட்டம், தூண்டில் கருவிகள் மீதான வரியை மீன்வளத்துக்கென ஒதுக்கியது. 1984இல் செய்யப்பட்ட திருத்தம் படகு எரிபொருள் வரியையும் இதனுடன் சேர்த்து, அதில் ஒரு பங்கைப் படகுத்துறை வசதிகளுக்குச் செலவிட வகை செய்தது. தூண்டில் வாங்குபவரும் எரிபொருள் வாங்குபவரும் சேர்ந்து கட்டிய தளம் அது. ஆகவே அங்கே சுல்தானும் இல்லை, கொரிந்தியரும் இல்லை.

ஆணையிடுவார் இல்லாத அவ்விடத்தில் எழுதாச் சட்டங்கள் சில உருவாகின. கயிறு அவிழ்ப்பதும் பொருள் அடுக்குவதும் சரிவில் அன்று, வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கவேண்டும். படகை ஏற்றியவுடன் மேலே சென்றுவிட வேண்டும். நீரிலிருந்து எடுத்த படகைத் துடைத்து, நீரை வடித்து, உலர்த்த வேண்டும். 1988இல் வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் கண்டறியப்பட்ட வரிச்சிப்பிகள் படகுகளில் ஒட்டி ஏரிவிட்டு ஏரி பரவியதால் வந்த விதி இது. பொறியை முடுக்கி விசையோடு படகை டிரெய்லரில் ஏற்றுவதும் தகாது. சுழலி கிளப்பும் நீரோட்டம் தளத்தின் முனையில் மண்ணை அரித்துக் குழியாக்குகிறது. அடுத்து வருபவரின் டிரெய்லர் சக்கரம் அக்குழியில் விழுகிறது.

இந்த அரிப்பைப் படிக்கும்போது நமக்குக் கொரிந்தே நினைவுக்கு வருகிறது. 1893இல் அங்கே கால்வாய் திறக்கப்பட்டது. அதில் செல்லும் கப்பல்கள் எழுப்பிய அலைகள், கரையோரமிருந்த தியோல்கோஸின் கற்களை அரித்துப் பெருமளவு சிதைத்துவிட்டன. இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன் கப்பல்களுக்கு வழிவிட்ட பாதையை அழித்தவையும் கப்பல்களே. கடந்து சென்றவர்களில் எவரும் அதை வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் வழியைப் பார்த்துச் சென்றார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, நாம் எழுப்பிய கேள்விக்கு வரலாறு தரும் விடை தெளிவானது. ஓடத்தை வண்டியில் ஏற்றும் வித்தையை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்டான். தனக்குப் பின்னால் இன்னோர் ஓடம் காத்திருக்கிறது என்பதைத்தான் ஒவ்வொரு கரையிலும் புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது.