லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு: அருவிகளும் மலையிடுக்குகளும்

லவுட்டர்புருன்னன், சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத் தென்பகுதியில், யுங்ஃபிராவ் சிகரத்தின் மேற்கு அடிவாரத்தில் கிடக்கும் பனியாற்றுப் பள்ளத்தாக்கு. தரைமட்டம் கடலுக்கு மேல் சுமார் 800 மீட்டர். பக்கத்திலேயே யுங்ஃபிராவ் 4,158 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. பள்ளத்தாக்கின் இருபுறமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். பல இடங்களில் 300 மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்பவை. அந்தச் சுவர்களின் விளிம்பிலிருந்து விழும் அருவிகள் 72 என்பது ஊர் வழக்கு. இந்த எண்ணை அளவுக்கு மீறி நம்ப வேண்டியதில்லை. பலத்த மழைக்குப் பிறகு புதிது புதிதாக வெள்ளைக் கோடுகள் தோன்றும். வறண்ட செப்டம்பரில் அவற்றில் பாதி காணாமல் போயிருக்கும்.

இப்படியொரு நிலவடிவம் அமையக் காரணம் பனியுகம். பள்ளத்தாக்கை நிரப்பி நகர்ந்த பெரிய பனியாறு தரையை ஆழமாக அரித்து, பக்கச் சுவர்களைச் செதுக்கிச் செங்குத்தாக்கியது. பக்கத்து மலைகளிலிருந்து வந்து சேர்ந்த சிறு பனியாறுகளுக்கு அந்த வலு இல்லை. பனி உருகி மறைந்தபோது அவற்றின் படுகைகள் உயரத்திலேயே நின்றுவிட்டன. இவற்றைத் தொங்கு பள்ளத்தாக்குகள் என்று நிலவியலார் அழைக்கிறார்கள். இன்று அங்கே ஓடும் ஓடைகளுக்குக் கீழே இறங்க வேறு வழியில்லை. விளிம்புக்கு வந்ததும் குதிக்க வேண்டியதுதான். குதிக்காமல் பாறையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிய ஓடைகளும் உண்டு. அவை உண்டாக்கியவைதான் மலையிடுக்குகள். இரண்டையும் ஒரே நாள் நடையில் பார்க்கக் கிடைப்பது இந்த இடத்தின் தனிச்சிறப்பு.

வருபவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அருவியின் உயரத்தை. உண்மையில் கேட்க வேண்டியது, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். எந்த மாதத்தில், எந்த வேளையில் போவது என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

ஸ்டவ்பாக் அருவியை எடுத்துக்கொள்வோம். லவுட்டர்புருன்னன் ஊரின் தலைமாட்டிலேயே 297 மீட்டர் உயரத்திலிருந்து பாறையைத் தொடாமல் விழுகிறது. மேலே ம்யூரன் கிராமத்துப் பக்க மேட்டுநிலத்தின் சிற்றோடைகளே இதற்கு ஆதாரம். பெரிய பனியாறு எதுவும் பின்னணியில் இல்லை. ஆகவே பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் தடித்து விழும் இந்த அருவி, இலையுதிர் காலத்தில் நூலாக மெலிந்துவிடும். நண்பகலில் பள்ளத்தாக்குக் காற்று எழும்பினால் பாதி வழியிலேயே தண்ணீர் கலைந்து சாரலாகி, அடிவாரப் புல்வெளியில் ஒரு பக்கமாகப் படிகிறது. அருவி கிழக்கு பார்த்த சுவரில் இருப்பதால், வெயில் இருக்கும் காலை வேளையில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் சாரலில் வானவில் தெரியும். மதியத்துக்கு மேல் சுவர் நிழலில் போய்விடும். கோடையில் அடிவாரத்திலிருந்து ஒரு செங்குத்தான பாதை பாறைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக அருவியின் பின்புறத்துக்கு ஏறுகிறது. வழி நெடுகத் தரை ஈரம். செருப்போடு ஏற நினைப்பவர்கள் கீழேயே நின்று பார்ப்பது நல்லது. குளிர்காலத்தில் பனிக்கட்டி உடைந்து விழும் என்பதால் இப்பாதையை அடைத்துவிடுகிறார்கள்.

1779 அக்டோபரில் வைமர் கோமகன் கார்ல் அவுகுஸ்டுடன் இங்கு வந்த கவிஞர் கதே, இந்த அருவியைப் பார்த்த வேகத்தில் ‘நீரின் மேல் ஆவிகளின் பாடல்’ என்ற கவிதையை எழுதினார். பின்னாளில் ஷூபர்ட் அதற்கு இசையமைத்தார். கதேவுக்குச் சில ஆண்டுகள் முன்பே காஸ்பார் வோல்ஃப் என்ற சுவிஸ் ஓவியர் இதே அருவியைப் பல கோணங்களில் தீட்டியிருந்தார். 1911-ல் நடைப்பயணமாக வந்த, பின்னாளில் எழுத்தாளரான இளைஞர் டோல்கீனின் மனத்திலும் இந்தப் பள்ளத்தாக்கு தங்கியது. தன் கதைகளில் வரும் ரிவென்டெல் பள்ளத்தாக்கை அவர் பின்னர் வரைந்த ஓவியத்தையும் இந்தச் சுவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு உறவு புரிந்துவிடும்.

ஊரிலிருந்து ஸ்டெக்கல்பெர்க் வரை வெள்ளை லுட்சினே ஆற்றை ஒட்டிச் செல்லும் பாதை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். மேய்ச்சல் புல்வெளி, வைக்கோல் கொட்டகை, கழுத்தில் மணி கட்டிய மாடுகள் எனச் சமதளமாகவே போகும். முதியவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் சிரமமில்லை. நடக்க முடியாதவர்களுக்கு அஞ்சல் துறையின் மஞ்சள் பேருந்து உண்டு. நடுவழியில் கிழக்குச் சுவரில் ஒரு பிளவு தென்படும். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பாதிப்பேர் கடந்தே போய்விடுவார்கள். அதுதான் ட்ரூம்மல்பாக்.

ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் ஆகிய மூன்று சிகரங்களின் பனிச்சுவர்களிலிருந்து வடியும் நீர் முழுவதையும் இந்த ஒற்றை ஓடைதான் சுமந்து வருகிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பு 24 சதுர கிலோமீட்டர்; அதில் பாதி உறைபனியும் பனியாறும். உச்சக் காலத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை தண்ணீர் மலைக்குள்ளேயே பத்து அருவிகளாக இறங்குகிறது. ஆண்டுக்கு 20,000 டன்னுக்கு மேல் கல்லும் மணலும் அதோடு வருகின்றன. அந்தக் கற்கள்தான் அரம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுழன்று தேய்த்ததில் பாறை குடைந்து, குடுவை குடுவையாக, வழுவழுப்பான வளைவுகளாக மாறியிருக்கிறது.

பாறைக்குள் சாய்வாக ஓடும் மின்தூக்கி பாதி உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து படிகளில் மேலே பத்தாம் அருவி வரை ஏறி, திரும்பி முதல் அருவி வரை இறங்கி வர வேண்டும். விளக்கு போட்ட இடுக்கில் தண்ணீர் திருகாணிபோல் சுழன்று இறங்குவது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் காதருகே கத்த வேண்டும். கம்பியைப் பிடித்தால் அதிர்வு உள்ளங்கையில் தெரியும். பாறைத்தூள் கலந்த நீர் சாம்பல் பூத்த பால் நிறத்தில் இருக்கும். ஸ்டவ்பாக்கின் கணக்கு இங்கே தலைகீழ்: பனியாறு உருகும் ஜூலை, ஆகஸ்டில், வெயில் ஏறிய பிற்பகலில்தான் ட்ரூம்மல்பாக் முழு வேகத்தில் ஓடும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. சட்டை நனையும், கோடையிலும் மேலுடை வேண்டும்.

சாலை ஸ்டெக்கல்பெர்க்கோடு முடிகிறது. அதற்குச் சற்று முன்பு, ம்யூரனுக்குச் செல்லும் கம்பிவட ஊர்தி நிலையத்துக்கு அருகே, ம்யூரன்பாக் அருவி 417 மீட்டர் உயரத்திலிருந்து படிப்படியாக இறங்குகிறது. சுவிட்சர்லாந்தின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. இருந்தும் புகைப்படங்களில் ஸ்டவ்பாக்குக்குக் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைப்பதில்லை. பாறையில் தட்டித் தட்டி விழுவதுதான் காரணம் போலும். மேலே உள்ள கிம்மல்வால்ட் கிராமத்திலிருந்து ஸ்டெக்கல்பெர்க்குக்கு இறங்கும் காட்டுப்பாதையில் செஃபினன் ஓடையின் இடுக்கைப் பார்க்கலாம். அங்கே நுழைவுச்சீட்டும் இல்லை, விளக்கும் இல்லை.

உண்மையான மலைநடை ஸ்டெக்கல்பெர்க்குக்கு அப்பால்தான் தொடங்குகிறது. டிராக்சல்லவுனன் என்ற சிற்றூரைச் சுற்றி ஒரு காலத்தில் ஈயமும் வெள்ளியும் வெட்டினார்கள். உலைக்களத்தின் இடிபாடு இன்னும் நிற்கிறது. அங்கிருந்து பாதை ஓபர்ஸ்டைன்பெர்க் விடுதிக்கு ஏறுகிறது. ஸ்டெக்கல்பெர்க்கிலிருந்து கணக்கிட்டால் ஏற்றம் 850 மீட்டருக்கு மேல். எதிர்ச்சரிவில் ஷ்மாட்ரிபாக் அருவி முழு நீளத்துக்கும் தெரியும். ஆஸ்திரிய ஓவியர் யோசஃப் அன்டோன் கோக் இந்த அருவியை இரண்டு முறை பெரிய அளவில் தீட்டினார். 1820-களின் தொடக்கத்தில் முடித்த இரண்டாம் ஓவியம் மியூனிக்கின் புதிய பினகோதெக்கில் இருக்கிறது. இன்னும் மேலே ஏறினால் 2,065 மீட்டரில் ஓபர்ஹோர்ன் ஏரி. பனியாறுகள் சூழ்ந்த இந்த மேல்கோடி, யுங்ஃபிராவ்–அலெட்ச் உலகப் பாரம்பரியப் பகுதியைச் சேர்ந்தது.

பாதைக் குறிகளைப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம். வெறும் மஞ்சள் பலகை என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை–சிவப்பு–வெள்ளை பட்டை மலைப்பாதையைக் குறிக்கும். உறுதியான காலணியும் தலைச்சுற்றல் இல்லாத உடம்பும் தேவை. வெள்ளை–நீலம்–வெள்ளை, பாறையேற்றமும் பனியாறும் பழகியவர்களுக்கு மட்டும். பலகைகள் கிலோமீட்டரைச் சொல்வதில்லை, நடக்க ஆகும் நேரத்தைச் சொல்கின்றன. அந்த நேரமும் நிற்காமல் நடப்பவருக்கானது. படம் எடுப்பவர்கள் அரை மடங்கு கூட்டிக்கொள்ளலாம். நடைபாதைகளைப் பேண வேண்டும் என்று 1979-ல் வாக்கெடுப்பு நடத்தி அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு இது. சுமார் 65,000 கிலோமீட்டர் பாதைகளுக்கும் ஒரே மாதிரி குறிகள் இருப்பது அதனால்தான்.

ஓடைகளை மட்டும் எந்தப் பலகையும் கட்டுப்படுத்தாது. 1999 ஜூலை 27 அன்று, இன்டர்லாகனுக்கு அருகே சக்செட்பாக் ஓடையின் இடுக்கில் நீர்ச்சாகசப் பயணம் சென்றவர்கள் மீது திடீர் வெள்ளம் பாய்ந்து 21 பேர் இறந்தார்கள். மேலே மலையில் பெய்த இடிமழைதான் காரணம். கீழே நிற்பவர் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், நீர்ப்பிடிப்பில் மழை கொட்டினால் இடுக்குக்குள் தண்ணீர் நிமிடங்களில் உயர்ந்துவிடும். பிற்பகல் இடிமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் ஓடைப்படுகையில் இறங்காமல் இருப்பதே அறிவு. ஆபத்தில் சிக்கினால் ‘ரேகா’ வானூர்தி மீட்புச் சேவையை 1414 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பனியாறுகளின் கதையும் கவலைக்குரியது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் மொத்தக் கனஅளவில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இழந்தன. உருகுதல் கூடும் காலத்தில் ஓடைகள் பெருக்கெடுக்கும். பனி தீரத் தீர அந்தப் பெருக்கும் வற்றும். ட்ரூம்மல்பாக் போன்ற அருவிகள் இதற்குத் தப்ப வழியில்லை. உடனடித் தொல்லை வேறு: கூட்டம். சில நூறு பேர் வாழும் ஊரின் ஒற்றைத் தெருவில் கோடை நாள்களில் நகர முடிவதில்லை. பகல்நேரப் பயணிகளின் கார்களுக்கு நுழைவுக் கட்டணம் வைக்கலாமா என்று 2024-ல் உள்ளூரில் பேசத் தொடங்கினார்கள். இன்டர்லாகன் கிழக்கு நிலையத்திலிருந்து 1890 முதல் ஓடும் ரயில் சுமார் இருபது நிமிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும்போது காரில் வர வேண்டிய தேவையே இல்லை.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் ஸ்டவ்பாக், அங்கிருந்து ஆற்றோரமாக நடை, பிற்பகலில் ட்ரூம்மல்பாக் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் கிடைத்தால் இரண்டாம் நாளைத் தயங்காமல் ஷ்மாட்ரிபாக்குக்குக் கொடுங்கள். ஊருக்குள் இருக்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே ஏறுவதில்லை. ட்ரூம்மல்பாக் இடுக்கு நவம்பர் தொடக்கத்தில் மூடப்பட்டு ஏப்ரலில்தான் திறக்கும். டிசம்பரில் போகிறவர்களுக்குப் பனிச்சறுக்கு உண்டு, உறைந்த சுவர் உண்டு. அருவி பார்க்கவென்று அந்த மாதத்தில் பயணச்சீட்டு வாங்க வேண்டாம்.