நீருக்குள் ஓர் ஊர்

நகரங்கள் பெருகுந்தோறும் அவற்றின் நீர்வேட்கையும் பெருகுகின்றது. மலைநாட்டு ஆறுகளை அணையிட்டுத் தேக்கி அவ்வேட்கையைத் தணிப்பது உலகெங்கும் கண்ட வழக்கமே. எனினும், தேங்கும் நீரின் அடியில் கிடப்பது எவருடைய ஊர் என்னும் வினா எளிதில் எழுவதில்லை. அவ்வினாவை ஒரு நாடே எழுப்புமாறு செய்தது, வேல்ஸ் நாட்டின் கப்பெல் கெலின் என்னும் சிற்றூர்.

பாலா என்னும் ஊருக்கு அருகே, திரவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அது அமைந்திருந்தது. ஒரு பள்ளி, ஒரு வழிபாட்டு மனை, ஓர் அஞ்சலகம், ஓர் இடுகாடு, சில பண்ணைகள் ஆகியவையே அதன் செல்வம். உழவும் கல்வியும் வழிபாடும் அங்கு வெல்ஷ் மொழியிலேயே நிகழ்ந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகருக்குத் தொழிற்சாலைகளின் பொருட்டும் குடியிருப்புகளின் பொருட்டும் மேலும் நீர் தேவைப்பட்டது. அத்தேவை பொய்யன்று. ஆனால் மாநகராட்சி, வேல்ஸ் நாட்டு உள்ளாட்சிகளின் இசைவை நாடாமல், நேரே நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வேண்டியது. 1956ஆம் ஆண்டு நவம்பரில் ஊரார் தம் சிறுவரையும் அழைத்துக்கொண்டு லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் சென்றனர். பயனில்லை. 1957இல் சட்டம் நிறைவேறியது. வேல்ஸின் உறுப்பினர் 36 பேருள் ஒருவரேனும் அதனை ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஒரு நாட்டின் பேராளர் அனைவரும் ஏற்காத ஒன்று, அந்நாட்டின் மண்ணிலேயே செயலாயிற்று.

1963இல் பள்ளி மூடப்பட்டது. 1965இல் பள்ளத்தாக்கு கெலின் ஏரியாயிற்று. ஊரார் 67 பேருள் 48 பேர் வீடிழந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் நடந்த திறப்பு விழா, கிளர்ச்சியாளரின் முழக்கத்தால் சில நிமிடங்களிலேயே முடிந்தது. ஏரிநீர் திரவெரின் வழியே தீ ஆற்றில் கலந்து, அவ்வாற்றின் கீழ்ப்பகுதியில் நகருக்கென எடுக்கப்படுகின்றது.

ஊர் மூழ்கினும் நினைவு மூழ்கவில்லை. 'திரவெரினை நினைவில் கொள்க' என்று வெல்ஷ் மொழியில் ஒரு பாழ்ஞ்சுவரில் எழுதப்பட்ட தொடர் நாட்டின் குரலாயிற்று. 1966இல் வேல்ஸ் தேசியக் கட்சியின் முதல் உறுப்பினராகக் குவின்வோர் எவன்ஸ் நாடாளுமன்றம் புகுந்தார். 1967இல் வெல்ஷ் மொழிச் சட்டம் பிறந்தது. இவற்றிற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், அச்சிற்றூரின் இழப்பு மக்கள் நெஞ்சில் மூட்டிய கனலை எவரும் மறுத்தற்கில்லை.

2005இல் லிவர்பூல் மாநகராட்சி வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. நீர் வேண்டியது குற்றமன்று. அந்நிலத்தில் வாழ்ந்தோரின் சொல்லுக்குச் செவிசாய்க்காமையே குற்றம். நாற்பது ஆண்டுகள் கழித்தேனும் அவ்வுண்மையை ஒரு மாநகர் உணர்ந்தது. ஆனால் சிறுவர் தாய்மொழியில் பாடம் பயின்ற அப்பள்ளி நின்ற இடம் இன்றும் நீருக்குள்தான் இருக்கின்றது.