கம்போடிய ஆடையாலைகளும் அமெரிக்க மானியமும்

1999ஆம் ஆண்டில் அமெரிக்கா கம்போடியாவுடன் செய்துகொண்ட புடைவை ஒப்பந்தத்தில் ஒரு புதுமை இருந்தது. ஆடைத் தொழிலாளரின் நிலை சீர்பட்டால் ஏற்றுமதிக் கோட்டாவும் உயரும் என்பதே அது. சீர்பட்டதென நேரிற் கண்டு கூறுவார் யாவர்? 2001இல் சர்வதேசத் தொழில் தாபனம் அப்பணியை ஏற்றது. செலவு 14 இலட்சம் டொலர். 10 இலட்சத்தை அமெரிக்க அரசு கொடுக்க, எஞ்சியதைக் கம்போடிய அரசும் ஆலை முதலாளிகளும் சரிபாதியாக ஏற்றனர். சோதிக்கப்படுவோரே சோதனைக்குப் பணங் கொடுத்தமை விந்தையன்றோ! சோதனைக்கு இணங்காத ஆலைக்கு ஏற்றுமதி அனுமதி கிடையாது. பரிசோதகர் முன்னறிவித்தலின்றிப் புகுந்து, மிகைநேரக் கூலி முதலியவற்றை ஆராய்ந்தனர். மறு சோதனையின் பின்னும் திருந்தாத ஆலைகளின் பெயர்கள் அறிக்கையில் ஏறின. 2004 முடிவில் கோட்டா முறை ஒழிந்தபோதும் பரிசோதனை தொடர்ந்தது. ஆயின் 2025 மார்ச்சில், அமெரிக்கத் தொழில் திணைக்களம் பிறநாட்டுத் தொழிலாளர் திட்டங்களுக்கான மானியங்களை இரத்துச் செய்தது.