பாரி மகளிரும் ஔவை மூதாட்டியும்

மூவேந்தர் முற்றுகையில் பாரி மாண்டான். அவன் பெண்மக்கள் இருவரும் அநாதைகளாயினர். தந்தையின் தோழர் கபிலர் அவர்களுக்கு மணமுடிக்க அலைந்ததையும், இருங்கோவேள் மறுத்ததையும் புறநானூற்றில் காண்கிறோம். முடிவில் அவர்களை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார். பின்னர் அச்சகோதரியர் கதி யாது? அந்நூல் சொல்லவில்லை, அவர்களின் பெயரும் அதில் இல்லை.

அந்த மௌனத்தை மக்கள் மனம் பொறுக்கவில்லை. அங்கவை, சங்கவை எனப் பெயரிட்டது. ஊர் ஊராய்த் திரிந்து அரசரையும் அதட்டும் ஔவைக் கிழவியை அவர்களுக்குக் காப்பாக்கியது. திருக்கோவலூரில் மணமும் முடித்துவைத்தது.

ஆதரவற்ற சிறுமியர்க்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தோற்றுவித்த, தென்சென்னை அடையாற்றில் வளர்ந்த இல்லத்துக்கு ஔவையின் பெயர் அமைந்தது எத்துணைப் பொருத்தம்! அநாதைக்கு உறவாவது இரத்தமன்று, பரிவே என்பதை நாம் மறவாதிருப்போமாக.