உருகிய இரும்பும் உருகிய வெண்ணெயும்

தமிழில் இரும்பானாலும் வெண்ணெயானாலும் 'உருகிய' என்ற ஒரே பெயரெச்சம் போதும். ஆங்கிலத்தில் இரும்பு 'மோல்ட்டன்', வெண்ணெய் 'மெல்ட்டட்'. பள்ளிப் பாடத்தில் முன்னது பெயரடை, பின்னது பாஸ்ட் பார்ட்டிசிப்பிள். எதை எங்கே போடுவது என்று என் மகள் கேட்டபோது, விதியை விட வரலாறுதான் கைகொடுத்தது.

பழைய ஆங்கிலத்தில் 'மெல்ட்' வினையின் பார்ட்டிசிப்பிளே 'மோல்ட்டன்'தான். முன்னால் ஒரு 'யெ' ஒட்டும் உண்டு. ஜெர்மன் மொழியில் அந்த ஒட்டு 'கெ' என்று இன்றும் இருக்கிறது. 1066இல் நார்மன்கள் வந்தபின், அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் ஒட்டு உதிர்ந்தது. பல வினைகள் 'எட்' விகுதிக்கு மாறின. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 'ஹோல்ப்பன்' உண்டு. இன்று 'ஹெல்ப்ட்' மட்டுமே.

வினை கைவிட்ட வடிவங்கள் எல்லாம் சாகவில்லை. சில, பெயருக்கு முன்னால் ஒண்டிப் பெயரடைகளாகப் பிழைத்தன. 'ட்ரங்க்கன்', 'சங்க்கன்', 'ஷேவன்' அப்படிப்பட்டவை. கப்பல் மூழ்கடிக்கப்பட்டது என்றால் 'சங்க்'. கடலடியில் கிடக்கும் கப்பல் 'சங்க்கன்'. செயலுக்குப் புதியது, நிலைக்குப் பழையது. ஆனாலும் இது முழு விதி அல்ல. 'மோல்ட்டன்' உலோகம், கண்ணாடி, எரிமலைக் குழம்பு என்று பெருஞ்சூட்டுப் பொருள்களோடு ஒதுங்கிவிட்டது. சாக்லேட் கேக் விற்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. 'சாடன்' இன்னும் விசித்திரம். 'ஸீத்' என்றால் கொதித்தல். அதன் பார்ட்டிசிப்பிளான 'சாடன்' அதே பைபிளில் 'வேகவைத்த' என்ற பொருளில் வருகிறது. இன்றோ அது 'நனைந்து ஊறிய'. தாய்வினையை அதற்கே அடையாளம் தெரியாது.

என் அறிக்கை ஒன்றில் 'ப்ரூவன்' என்பதை ஒரு மேலாளர் 'ப்ரூவ்ட்' ஆக்கினார். அடுத்த திட்டத்தில் இன்னொருவர் அதைத் திருப்பிப் போட்டார். 'ப்ரூவன்' ஸ்காட்லாந்து நீதிமன்ற மொழியில் ஊன்றியிருந்த வடிவம். இரண்டும் சரிதான். இருவர் குரலிலும் இருந்த உறுதிக்குத்தான் ஆதாரம் இல்லை.

புலம்பெயர்ந்தவர்கள் நினைவில் வைக்க வேண்டிய சொல் 'காட்டன்'. 'கெட்' வினையின் இந்தப் பழைய பார்ட்டிசிப்பிளை இங்கிலாந்திலிருந்து போனவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார்கள். தாயகம் அதைக் கைவிட்டது. 'இல்-காட்டன்' என்ற பெயரடையில் மட்டும் மிச்சம் வைத்தது. பிறகு அதையே அமெரிக்கக் கொச்சை என்று முகம் சுளித்தது.

கடல் கடந்தவர் பேச்சில் காதுக்கு உறுத்துவதெல்லாம் பிழை அல்ல. ஊரில் உதிர்ந்த சொல்லாகவும் இருக்கலாம். நம் வீட்டுத் தமிழைத் திருத்துமுன் இதையும் யோசிக்கலாம்.