கூட இருப்பவர் யார்? செனாய்த் தாய்மார்களின் பேறுகால மனச்சோர்வும் கிராமம்–நகரம் என்னும் பாகுபாடும்

பேறுகால மனச்சோர்வை ஆராய்வோர் பெண்களைக் கிராமத்தார், நகரத்தார் என்று இரு கூறாக்கி எண்ணுவது வழக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் செனாயில் இந்தக் கணக்கு இடிக்கிறது. 1974இல் இங்கே விமான நிலையம் வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் இருந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகளும் தாமான் எனப்படும் குடியிருப்புகளும் எழுந்தன. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த தமிழ்த் தாயின் மகள் இன்று அடுக்குமாடி வீட்டிலிருந்து ஃபாக்டரிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறாள். புள்ளிவிவரத்தில் அவள் நகரப் பெண். பிள்ளை பெற்றதும் வீட்டில் நடப்பதோ தோட்டத்து முறைதான்: வெந்நீர்க் குளியல், சாம்பிராணிப் புகை, பூண்டுக் குழம்பு, பத்தியம். இவளைப் பொறுத்தவரை முகவரியைவிட முக்கியமானது, பேற்றுக்குப் பின் வீட்டில் யார், எத்தனை நாள் கூட இருக்கிறார் என்பதே.

இதற்கு வலுவான சான்று ஒரு கிராமத்து ஆய்விலிருந்தே கிடைக்கிறது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் கருவுற்ற 359 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியான ஆய்வு, பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 விழுக்காடு என்றது. அது சுட்டிய காரணங்கள்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வேலைக்குக் கைகொடுக்க ஆளில்லாமை. இவற்றில் கிராமத்துக்கே உரியது எது? எல்லாமே செனாய் அடுக்குமாடியிலும் நடப்பவை.

மலேசிய எண்களை ஒப்பிடும்போதும் நிதானம் வேண்டும். 1997இல் வெளியான சிரம்பான் ஆய்வு 154 பெண்களில் 3.9 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகவும், இந்தியரிடையே அது 8.5, சீனரிடையே சுழியம் என்றும் சொன்னது. 154இல் 3.9 விழுக்காடு என்றால் மொத்தம் ஆறு பேர்! ஆறு பேரை வைத்து ஓர் இனத்தின் மனத்தை அளக்க முடியாது. கோத்தா பாருவில் 2006இல் வெளியான ஆய்வு 20.7 என்றது. தேசிய உடல்நல ஆய்வு 2016இல் 4.4 என்றும் 2022இல் 11.6 என்றும் சொன்னது. அளவுகோல், கேட்கும் வாரம், கேட்கும் ஆள் ஆகியவை மாறினால் எண்ணும் மாறும்.

கேட்கும் வாரத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பல ஆய்வுகள் ஆறாவது வாரத்தையொட்டிக் கேட்கின்றன. மலாய்க்காரரின் பந்தாங் என்னும் பேறுகாலப் பத்தியம் 44 நாள். நம் வீடுகளில் தாயார் வந்து தங்குவது முப்பது, நாற்பது நாள். ஆக, உதவி இருக்கும்போதோ அது விலகிய உடனேயோ தாயை அளந்துவிடுகிறோம். அம்மா பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு வரும் வாரங்களில் காட்சியே வேறு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவன் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லைப் பாலத்துக்குப் புறப்பட்டுவிடுகிறான். இருட்டிய பிறகு திரும்புகிறான். இடைப்பட்ட நேரமெல்லாம் பூட்டிய இரும்புக் கதவுக்குள் அவளும் குழந்தையும்தான். 2023 ஜனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது நல்ல மாற்றம். ஆனால் பதினான்காம் வாரம் முடிந்து இரவு ஷிப்டுக்குத் திரும்புகிறவளிடம் யார் என்ன கேட்கிறார்கள்?

இந்தத் தனிமையைச் சொல்வது பழைய தோட்ட வாழ்க்கையைப் போற்றுவதற்காக அன்று. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இருந்தது, பக்கத்து லயத்துக் கை இருந்தது. சம்சு என்னும் மலிவுச் சாராயமும் அடியும்கூட இருந்தன. கணியம்பாடி ஆய்வு காட்டுவதுபோல மாமியாரே சுமையாகும் வீடுகளும் உண்டு. வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் போதாது. அவர் இவளுக்காக இருக்க வேண்டும்.

பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோல் 1987இல் உருவானது, பத்துக் கேள்விகள். அதன் தமிழ் வடிவம் 2005இல் வேலூரில் சரிபார்க்கப்பட்டது. பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. தமிழ் வடிவம் கையில் தரப்படாமல், மலாய் சரளமாக வராத, தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்த ஒரு பெண்ணிடம் அதை மாமியாரே மொழிபெயர்த்துக் கேட்டால் என்ன பதில் வரும்? தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309ஐ நீக்க மலேசிய நாடாளுமன்றம் 2023இல்தான் ஒப்புதல் அளித்தது. அதுவரை உண்மை சொல்வதில் சட்ட பயமும் இருந்தது. சோர்வை உடம்பின் வழியாகச் சொல்வதும் நம் வழக்கம்: "நெஞ்சை அடைக்குது, தலை பாரமா இருக்கு." தாதி அதை இரத்தச்சோகை என்று எழுதிக்கொண்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாம். இரத்தச்சோகை இருக்கவும் கூடும். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்றாகாது.

எனவே கேள்வி இரண்டு முறை வர வேண்டும். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், "பிள்ளை பிறந்தால் யார் வந்து இருப்பார்? எப்போது போவார்? அப்புறம்?" என்று கேட்டுக் கர்ப்பிணிப் பதிவேட்டில் குறிக்கலாம். பிறகு குழந்தையின் ஐந்தாம் மாதத் தடுப்பூசி நாளில், உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எடின்பரோ கேள்விகளின் தமிழ்த் தாளைத் தாயின் கையில் கொடுக்கலாம். ஊசிக்கு அவள் எப்படியும் வருவாள். சோர்வு தெரிந்தால் உடனே தம்போயிலுள்ள பெர்மாய் மருத்துவமனைக்கு அனுப்பத் தேவையில்லை. 1937 முதல் அங்கே இயங்கும் அந்த மனநல மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே பல குடும்பங்கள் பின்வாங்கும். மிதமான சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையும், தேவைப்பட்டால் பாலூட்டும்போதும் எடுக்கக்கூடிய செர்ட்ராலின் போன்ற மருந்தும் சுகாதார கிளினிக்கிலேயே தொடங்கப்படலாம். உயிருக்கு ஆபத்தான நிலையும், பேற்றுக்குப் பின் வரும் தீவிர மனப்பிறழ்வும் மட்டும் காத்திருக்கக் கூடாதவை. அவற்றை அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.