நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கான பிராணாயாமம்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) உள்ளவர்களுக்கு மருந்துக்குத் துணையாகக் கற்றுத்தரப்படும் யோக மூச்சுப்பயிற்சி இது. நோயைக் குணப்படுத்தாது, மூச்சிரைப்பைச் சமாளிக்கவும் கூடுதலாக நடக்கவும் உதவும்.

பீடிப் புகையையோ விறகடுப்புப் புகையையோ பல ஆண்டுகள் சுவாசித்தவர்களுக்கே இந்நோய் அதிகம் வருகிறது. 2021இல் உலகில் சுமார் 35 லட்சம் பேர் இதனால் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நோயாளிக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. நுரையீரல் மீள்தன்மையை இழந்துவிடுவதால், வெளிமூச்சின்போது சிறு மூச்சுக்குழல்கள் மடிந்து அடைத்துக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே தேங்குகிறது, புதுக்காற்றுக்கு இடமில்லை. மார்பு பீப்பாய்போல உப்பி, குவிந்திருக்க வேண்டிய மூச்சுத்தசையான உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் விடுவதற்கான நேரம் குறைந்து தேக்கம் மேலும் கூடும். ஆகவே வெளிமூச்சை நீட்டும் பயிற்சியே இவர்களுக்குப் பயன்படும்.

நாற்காலியில் அமர்ந்து, சற்று முன்சாய்ந்து, முழங்கைகளை மேசைமேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெல்ல விட வேண்டும். குவிந்த உதடு தரும் எதிரழுத்தம் மூச்சுக்குழல்களை மடியவிடாமல் தாங்குகிறது. இயன்முறை மருத்துவர்கள் முதலில் கற்றுத்தருவதும் இதையேதான். யோகத்தில் இதற்கு நெருக்கமானது பிரமரி: வாயை மூடி, வண்டின் ரீங்காரம்போல ஒலியெழுப்பியபடி மூச்சை விடுவது. ஒலி இருக்கும்வரை வெளிமூச்சு தானாகவே நீளும். மூக்கின் இரு துளைகளாலும் மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தியையும் செய்யலாம்; ஆனால் மூச்சை அடக்கக் கூடாது.

இந்த எச்சரிக்கை முக்கியமானது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, அடக்கும் கும்பகத்துக்கு 64, விடும் இரேசகத்துக்கு 32 என்று மாத்திரை (கால) அளவு சொல்கிறது. காற்று ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும் நுரையீரலுக்கு அந்தக் கும்பகம் பொருந்தாது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகப் பயிற்சிகளும் வேண்டாம். சிலருக்கு நுரையீரலில் மெல்லிய காற்றுக் கொப்புளங்கள் இருக்கும்; அவை வெடித்தால் மார்புக்கூட்டில் காற்று புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோய் முற்றி உதரவிதானம் மிகவும் தட்டையானவர்களுக்கு, வயிற்றை உப்பவைத்துச் செய்யும் பயிற்சிகூடச் சிரமத்தையே தரக்கூடும்.

1924இல் சுவாமி குவலயானந்தர் லோனாவாலாவில் தொடங்கிய கைவல்யதாமம், பிராணாயாமத்தை ஆய்வகத்தில் அளந்து பார்த்த முன்னோடி நிறுவனம். அடைப்பு நோயாளிகளிடம் பின்னாளில் நடந்த ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012 மதிப்பாய்வு தொகுத்துப் பார்த்தது. மூன்று மாதப் பயிற்சிக்குப் பின், ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் சராசரியாகச் சுமார் 45 மீட்டர் கூடியது. இரண்டே சிறு ஆய்வுகளின் முடிவு என்றாலும், கழிப்பறைவரை நடக்கவே திணறுகிறவருக்கு அது சிறிய தூரம் அல்ல. மூச்சிரைப்பும் வாழ்க்கைத்தரமும் மேம்பட்டனவா என்பதில் மூச்சுப்பயிற்சி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

பயிற்சிக்காக இன்ஹேலரையோ ஆக்சிஜனையோ நிறுத்தக் கூடாது. ஆக்சிஜன் குழாயை மாட்டியபடியே செய்யலாம். சாப்பிட்ட உடனே செய்ய வேண்டாம். தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட வேண்டும். உதடு நீலம் பாரித்தாலோ, பேச முடியாத அளவுக்கு இரைத்தாலோ, பயிற்சியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.